இடது பெடல்

மகளின் சைக்கிளில் சைடு வீலைக் கழற்றிய அன்று எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆறு வயசுக் குழந்தையின் சைக்கிள் சீட் என் முழங்காலுக்குச் சற்று மேலேதான் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும் என்றால், குரங்கிலிருந்து மனிதன் நடந்து வந்த பாதையில் பாதி தூரம் திரும்பிப் போயாக வேண்டும்.

நான் முதலில் யோசித்தது புத்திசாலித்தனமாகத்தான். விழுந்தால் அடிபடக் கூடாது, அவ்வளவுதானே? சாத்தான்குளத்துக்காரனுக்கு மணலுக்கா பஞ்சம்? குதிரைமொழித் தேரிக்கு சைக்கிளைக் கொண்டுபோனேன். இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல் அது; நாம் வாங்கும் சைக்கிள் துருப்பிடிக்கும் முன்பே மணல் துருப்பிடித்து நமக்காகக் காத்திருக்கும். மகள் ஏறி ஒரு மிதி மிதித்தாள். சக்கரம் நாலு விரற்கடை புதைந்து நின்றது. விழவும் இல்லை, நகரவும் இல்லை.

“எப்பா, நான் இப்ப பேலன்ஸ் பண்ணுதேனா?”

ஆமாம் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. கொல்லாமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பீடியை எடுத்துவிட்டுக் கேட்டார்: “என்னடே, சைக்கிளை நடுதியா? தண்ணி ஊத்து, முளைக்கும்.”

அடுத்தது வற்றிய குளத்துத் தரை. கெட்டியான, அருமையான தரை. ஆனால் சுற்றிலும் முள் உதிர்க்கும் உடைமரம். இரண்டு நாளில் மூன்று பஞ்சர். ஒட்டிக்கொடுத்தவர் மூன்றாவது தடவை காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கருணையில்தான் எனக்கு அவமானம் உறைத்தது.

கடைசியில் எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தோம். “நேரா பாரு, மிதி, சாயாத” என்று கத்திக்கொண்டே ஓடினேன். “சாயாம எப்படிப்பா ஓட்டணும்?” என்றாள். நியாயமான கேள்வி. முப்பத்தைந்து வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறவனுக்குப் பதில் தெரியவில்லை. எப்படித்தான் ஓட்டுகிறோம் என்று பார்த்துவிடுவோமே என்று மறுநாள் காலை என் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கையையும் இடுப்பையும் உன்னிப்பாகக் கவனித்தபடி ஓட்டினேன். வாழ்க்கையில் முதன்முறையாகக் கவனித்து ஓட்டிய அன்று வாறுகாலில் விழுந்தேன்.

எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாருமில்லை. அரை மணிக்கு 50 பைசா வாடகை சைக்கிள், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல், முழங்காலில் இன்னும் இருக்கிற தழும்பு. 2024-இல் ‘குரங்கு பெடல்’ என்ற பெயரில் படமே வந்துவிட்டது. நாங்கள் விழுந்ததெல்லாம் கலையாகும் என்று அப்போதே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழகாக விழுந்திருப்போம்.

பிறகு எல்லா அப்பாக்களும் செய்கிற மோசடியை நானும் செய்தேன். “பிடிச்சிருக்கீங்களா?” “பிடிச்சிருக்கேன்மா” என்று சொல்லிக்கொண்டே கையை விட்டேன். சினிமாவில் என்றால் இந்த இடத்தில் குழந்தை சிரித்துக்கொண்டே பறக்கும், பின்னணியில் வயலின் கேட்கும். என் மகளோ, என் குரல் தூரத்திலிருந்து வருவதைக் கவனித்து, திரும்பிப் பார்த்து, விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, “நீங்க பொய் சொல்லுவீங்க” என்றாள். அதோடு என் ஆசிரியர் வேலை போய்விட்டது.

அந்த வாரம்தான் புதுக்கோட்டையிலிருந்து மாமியார் வந்தார்.

புதுக்கோட்டை என்றால் சும்மா இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குப் பாடமாக்கினார். கூலி வேலைக்காரர்கள், குவாரித் தொழிலாளிகள், நர்ஸுகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பேர் சைக்கிளில் ஊரையே நிறைத்ததை பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியே வாங்கினார்களாம், முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. என் மனைவி அப்படிப்பட்ட ஒரு பாரில் உட்கார்ந்து வளர்ந்தவள். அத்தை அங்கன்வாடிக்கு அந்த சைக்கிளில்தான் போய்வந்தார். அறிவொளிக்காக முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பார். இத்தனையும் தெரிந்திருந்தும் அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளைகளுக்கு உள்ள இயற்கையான குறைபாடு இது.

திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க என் ஓட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “மாப்ள, அந்தப் பெடல் ரெண்டையும் கழட்டிருங்க” என்றார்.

வலது பெடல் 15-ஆம் நம்பர் ஸ்பேனருக்குச் சட்டென்று வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன், சுத்தியலால் தட்டினேன், தொங்கியும் பார்த்தேன். “இடதுக்கு மரை எதிர்ப்பக்கம் மாப்ள. நீங்க இவ்வளவு நேரமா இறுக்கிக்கிட்டு இருக்கீங்க” என்றார். ஸ்பேனரை வாங்கி மறுபக்கம் ஒரு தள்ளு, கழன்றது. என் மனைவி சிரிக்காமல் இருக்க உள்ளே போனாள். உள்ளே போய்ச் சிரித்தாள்.

சீட்டை இறக்கி, இரண்டு காலும் தரையில் பதியும்படி பேத்தியை உட்கார வைத்தார். தரையை உதைத்து உதைத்துப் போவதுதான் பாடம். “விழுற பக்கமே ஹேண்டிலைத் திருப்புடி தங்கம்” என்று ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னதற்கு நேர் எதிர். “அம்மாச்சி, பிடிச்சிருக்கீங்களா?” “இல்லடி, நான் பிடிக்கவே இல்ல.” அதைக் கேட்டு அவள் ஒருமுறைகூட விழவில்லை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: 1817-இல் ஜெர்மனியின் மான்ஹைமில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிய முதல் வண்டிக்கும் பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போனார். பெடல் வந்தது 1860-களில். ஆக, மனித குலம் நாற்பது வருஷத்துக்கு மேல் வெறும் பேலன்ஸ் மட்டுமே பண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. சைடு வீல் செய்வது இதற்குத் தலைகீழ் வேலை. அது மிதிக்கக் கற்றுக்கொடுக்கிறது, மிதிப்பதோ யாருக்கும் கஷ்டமே இல்லை. சாய்ந்து நிமிர்கிற கஷ்டமான வேலையை, குழந்தையைப் பக்கத்திலேயே போகவிடாமல் அதுவே பார்த்துக்கொள்கிறது.

மூன்றாம் நாள் பெடலை மாட்டினோம். இடது பெடலை நான்தான் மாட்டினேன், சரியான பக்கம் திருப்பி. மகள் ஏறினாள், தெருமுனை வரை போனாள், திரும்பத் தெரியாமல் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏறி வந்தாள். அத்தை அன்று ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

பிரேக் பிடிக்க மட்டும் அவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வேலிதான் இப்போதைக்குப் பிரேக். சைடு வீல் இரண்டும் பரணில் கிடக்கின்றன. சாத்தான்குளம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ஆனால் வாங்கிப் போகாமல் இருப்பதே நல்லது.