பிளேடு இருக்க உனக்கென்ன கவலை, பேராண்டி!

வா கண்ணு, உக்காரு. டிப்ளமா டெக்ஸ்டைல் படிச்சு, பல்லடத்துப் பக்கம் நூல் மில்லுல சூப்பர்வைசரா சேந்துட்டியாமா, நெம்ப சந்தோசம். வந்ததும் வராததுமா, "அப்புச்சி, ரிங் ஃபிரேம்ல ரோலர் பூரா பஞ்சு சுத்திக்குது, லேப்பிங் தாங்க முடியல, மெஷின் பாக்கற இந்த சைடருக பொறுப்பாவே இருக்கறதில்ல"ன்னு பழமை பேசுற பாரு, அங்கயே எனக்குப் புரிஞ்சு போச்சு. நீ பெரிய ஆளா வருவ. எந்தக் கோளாறா இருந்தாலும் அதக் கீழ நிக்கறவ தலையில எறக்கி வைக்கத் தெரிஞ்சிருக்குது உனக்கு. மேனேசர் நாற்காலியில ஒரு காலு ஏற்கெனவே எடுத்து வச்சாச்சு.

ரோலர் சுத்தமா இருக்கறதுக்கு வழி கேட்ட இல்ல? சொல்றேன். மொதல்ல நல்ல பிளேடா நாலு வாங்கிக்க. மில்லுல பித்தளைக் கொக்கின்னு ஒண்ணு குடுப்பாங்க. அத ஸ்டோர் ரூம்லயே உட்டுரு. கொக்கிய வச்சு நோண்டி, சுத்துன பஞ்சப் பதனமா உருவி எடுக்கறதுக்குள்ள பக்கத்துல இன்னும் நாலு கதிர் அறுந்திருக்கும். பிளேடு அப்படியா? சர்ருன்னு ஒரு இழுப்பு, பஞ்சு ரெண்டாப் பொளந்து கையில வந்துரும். கூடவே அடியில ரோலருக்குப் போத்தியிருக்கற உறை, அந்தக் காட்ஸும் கொஞ்சம் பொளக்கும். பொளந்தாப் பொளக்கட்டும், ரப்பர்தானே? அதுவும் இப்ப வர்ற மெதுவான காட்ஸ், பிளேடு பட்டா வெண்ணையாட்டப் போகும்.

இதுல உனக்கு ஒரு லாபமும் இருக்குது. அந்தக் கீறல்ல அடுத்து வர்ற பஞ்சு எழை தலைய மாட்டிக்கும். மாட்டுனது ஒரு சுத்து வந்தா அடுத்த எழையவும் கூட இழுத்துக்கும். ஆக, இன்னைக்கு வெட்டுன கதிர்லயே நாளைக்கும் சுத்தும், நீ மறுபடி பிளேடத் தூக்கிட்டு ஓடலாம். சோலி இல்லாத சூப்பர்வைசர மில்லுல வச்சிருக்க மாட்டாங்க கண்ணு. உன்ற வேலைக்கு நீயே இப்படி உத்தரவாதம் பண்ணிக்கற.

சேதி அந்தக் கதிரோட நின்னுட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா லேப்ல நூல் சீரா இருக்குதான்னு பாக்கற பொட்டி ஒண்ணு வச்சிருக்காங்களே, உஸ்டர்னு, அது பொல்லாதது. முன் ரோலர் காட்ஸ் 30 மில்லிமீட்டர் விட்டம்னு வையி, சுத்தளவு 9 சென்டிமீட்டருக்குச் சொச்சம் வரும். காட்ஸ்ல ஒரு கீறல் இருந்தா, நூல்ல 9 சென்டிமீட்டருக்கு ஒருக்கா அது கையெழுத்துப் போட்டுட்டே போகும். பின் ரோலர்ல கீறுனா இன்னும் வேடிக்கை. அங்கிருந்து முன்னுக்கு வர்றதுக்குள்ள பஞ்சு முப்பது மடங்கு இழுபடுதுன்னா, ஒம்பது சென்டிமீட்டர்ல இருந்த கோளாறு ரெண்டரை மீட்டருக்கு மேல நீண்டு போயி நூல்ல நிக்கும். அந்தப் பொட்டி கோடு போட்டு, இன்ன ரோலர்லதான் தப்புன்னு காட்டிக் குடுத்துரும். பேப்பர் உன்ற மேசைக்கு வந்தா மடிச்சு டிராயர்ல வச்சிரு. திருப்பூர்ல அந்த நூல வாங்கிப் பனியன் துணி பின்னி, கருநீலத்துல சாயம் முக்கி எடுத்தா, கோடு கோடாத் தெரியும். அங்கிருந்து ஃபோன் வர்றதுக்கு எப்படியும் ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள நீ வேற மில்லுக்கு மாறியிருக்க மாட்டியா என்ன?

இன்னொண்ணு. டாப் ரோலருங்கறது தனி ஆள் இல்ல. ஒரே தண்டுல இக்கட்ட ஒரு காட்ஸ், அக்கட்ட ஒரு காட்ஸ், ஒரே ஆர்ம் ரெண்டையும் அமுக்கிப் புடிச்சிருக்கும். இக்கட்ட பஞ்சு சுத்திப் பருத்துச்சுன்னா தண்டே தூக்கிக்கும், அக்கட்டக் கதிருக்கு அமுக்கம் போயிரும். ஒரு பாவமும் செய்யாத பக்கத்து நூலும் பருமனும் சன்னமுமா வந்து கடைசியில அறுந்து விழும். நீ என்ன பண்ணு, அறுந்தது ரெண்டுன்னு எழுது, காரணம்கற கட்டத்துல சைடர் பேரையும் ரெண்டு தடவ எழுது.

நூல் அறுந்தா அந்தப் பஞ்சு எங்க போகுதுன்னு எப்பவாச்சும் குனிஞ்சு பாத்திருக்கியா? நாப்பதாம் நம்பர் நூல் ஓடுதுன்னா முன் ரோலர் நிமிசத்துக்கு 15, 20 மீட்டர் பஞ்ச வெளிய தள்ளிட்டே இருக்கும். நூல் அறுந்தது அதுக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் நிக்காது. அதுக்குத்தான் ரோலருக்குக் கீழ நியூமாஃபில் குழாய் வச்சிருக்கறது. அறுந்ததும் பஞ்ச உறிஞ்சி எடுத்து, மெஷின் கோடியில இருக்கற பொட்டியில கொண்டு சேத்துரும். பொட்டியில இருக்கற வலை அடைச்சுக்கிச்சுன்னா உறிஞ்சற தெம்பு கொறஞ்சு போகும். போக்கிடம் இல்லாத பஞ்சு திரும்பி வந்து ரோலரையே கட்டிப் புடிச்சுக்கும். லேப்பிங்ல நெறைய இப்படிப் பொறக்கறதுதான்.

அந்தப் பொட்டிய நேரா நேரத்துக்குக் காலி பண்றதுக்குன்னு ஒரு ஆள் இருந்திருப்பானே, அவன் எங்க? செலவக் கொறைக்கறோம்னு போன மாசம் அவனத் தாட்டி உட்டுட்டீங்களாக்கும். அருமையான ரோசனை. அந்தச் சம்பளம் மிச்சம். நட்டம் மட்டும் ரோலர்ல சுத்திக்கிட்டு இருக்குது, அதக் கணக்குப் புள்ளைக்கு எடுத்துக் காட்ட முடியாது.

பச்சக் கலருல துணி சுத்துன கிளியரர் ரோலர் இருக்குதே, அதத் தொடவே தொடாத. ரோலர் மேல ஒட்டற பஞ்சுத்தூசிய அது தன்மேல வாங்கிக்கும். வாங்கி வாங்கி உப்பிப் போனதுக்கு அப்புறம், ஒரு நா வாங்குனதையெல்லாம் மொத்தமா ஓடுற நூல்ல துப்பிரும். அடுத்து நூலக் கோன்ல சுத்தற ஆட்டோகோனர்ல அது மொந்தையா வரும், மெஷின் அத வெட்டும், ஒட்டும், திரும்ப வெட்டும். ஆட்டோகோனர்காரன் உன்னயத் திட்டுவான். நீ சைடரத் திட்டு. அவ யாரத் திட்டறதுன்னு தெரியாம அந்தக் கிளியரரயே பாத்துட்டு நிப்பா.

அடுத்தது காத்துக் குழாய். உன்ற வயசுப் பசங்களுக்கு இது மேல ஒரு மோகம். கம்ப்ரசர் காத்தப் புடிச்சு ரோலர் மேல அடிச்சா, அடடா, கண்ணு முன்னாலயே பளிச்சுன்னு ஆயிரும். போன தூசி எங்க போச்சுன்னு கேட்டுராத. இந்த மெஷின்ல இருந்து அந்த மெஷினுக்குப் போயி, அங்க ஓடுற நூல்ல ஏறி உக்காந்திருக்கும். மேல தண்டவாளத்துல போய் வந்துட்டு இருக்கே ஒரு கிளீனர், கீழ வரைக்கும் குழாய் தொங்க உட்டுக்கிட்டு, அது ஊதவும் செய்யும் உறிஞ்சவும் செய்யும். உன்ற கையில இருக்கறது ஊத மட்டுந்தான் செய்யும். ஊதுனதுல பாதி ஆளுக மூக்குல. வார லீவு முடிஞ்சு வர்ற மொத நாளு நெஞ்ச அடைக்குது, மூச்சு முட்டுதுன்னு எங்க காலத்து ஆளுக சொல்லுவாங்க. டாக்டருக அதுக்கு பைசினோசிஸ்னு பேரு வச்சாங்க. நாங்க அது காப்பி குடிக்காத கொறைன்னு நெனச்சுட்டு இருந்தோம்.

இப்ப ஒரு சின்ன விசயம், கோவிச்சுக்காத. நீ பேசறப்பவெல்லாம் தலையச் சொறியற. தலையில தேங்காயெண்ணெய் கொழகொழன்னு. அதே கையோட டாப் ரோலரக் கழட்டி, வெளிச்சத்துல காட்டிப் பாத்து, விரலால தடவித் தடவி, "காட்ஸ் நல்லாத்தானே இருக்குது"ன்னு மாட்டியிருப்பியே? எண்ணெய்க் கை பட்ட எடத்துல பஞ்சு ஒட்டாம வேற என்ன பண்ணும்? பேரிங்ல கிரீஸ் தாராளமா அப்பி அது கசிஞ்சு காட்ஸுக்கு வந்தாலும் இதே கதைதான்.

பஃபிங் பத்தி ஒரு வார்த்தை. தேஞ்சு வழுவழுன்னு போன காட்ஸக் கல்லுல கொடுத்து ஒரு மயிரிழை சீவி எடுப்பாங்களே, அதத் தள்ளிப் போடு. இந்த மாசம் உற்பத்தி முக்கியம், அடுத்த மாசமும் முக்கியம்தான். சீவுன கையோட வெளிச்சமோ மருந்தோ காட்டாம அப்படியே மாட்டுனா புதுக் காட்ஸும் கொஞ்ச நாளைக்குப் பஞ்சப் புடிக்கும். அப்பப் பாத்து "பஃபிங் பண்ணித்தான் கெட்டுப் போச்சு"ன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிரு. பஃபிங் செலவே இல்லாமப் போயிரும்.

இவ்வளவு சொன்னனே, ஒரு பெரிய திருடனப் பத்திச் சொல்லல பாரு. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஈரக் காத்து வந்துச்சுன்னா, எல்லாம் நல்லா இருக்கற மெஷின்லயும் ரோலர் சுத்தும். ரிங் ஃபிரேம்ல ஈரப்பதம் நூத்துக்கு 55, 60ல நிக்கோணும். கொறஞ்சா பஞ்சு பறக்கும், பாலியஸ்டர் ஓடுனா மின்சாரம் ஏறி முள்ளாட்டம் சிலுத்துக்கும். ஏறுச்சுன்னா எல்லாம் ஒட்டும். ஈரப்பதத்தப் பாத்துக்கற பிளான்ட்ட ஓட்டறவன் கரண்ட மிச்சம் புடிச்சதுக்குப் பரிசு வாங்குனான்னு சொன்னியே, எந்த மாசம்னு கொஞ்சம் பாத்து வையி.

அதுக்கும் மேல ஒருத்தன் இருக்கான். மில்லுப் பக்கமே வராதவன். வெள்ளை ஈ. பருத்திச் செடியில உக்காந்து சாறு குடிச்சுட்டு, அது கழியறது பூராச் சக்கரை. அசுவினியும் அப்படித்தான். வெடிச்சு நிக்கற காய் மேல அது சொட்டிக் காய்ஞ்சிரும். சூடான் பஞ்சு இந்தப் பிசுபிசுப்புக்குன்னே ஒலகம் பூராப் பேரு வாங்குனது. ஜின்னிங்ல, பேல்ல, புளோ ரூம்ல எங்கயும் கண்ணுக்குத் தெரியாது. கார்டிங்ல அமுக்கற ரோலர்ல மொதல்ல பல்லக் காட்டும், அப்புறம் டிராயிங், சிம்ப்ளக்ஸ், கடைசியா உன்ற ரிங் ஃபிரேம். உன்ற புஸ்தகத்துல ட்ரெஹலுலோஸ்னு வாயில நொழையாத பேரு போட்டிருக்குமே, அந்தச் சக்கரை ஈரத்த இழுத்துக்கும், கொஞ்சம் சூட்டுக்கே எளகிரும். ரோலர் ஓடிச் சூடானா எளகாம என்ன பண்ணும்? ஆக, நீ பிளேடு வச்சு வீரமா வெட்டிட்டு இருக்கறது ஒரு பூச்சியோட பீய, சாமி.

இதுக்கு என்ன பண்றதுங்கற? பிசுக்குப் பஞ்ச நல்ல பஞ்சோட கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து ஓட்டோணும், அந்த லாட் ஓடறப்ப ஈரத்தக் கொறச்சு வைக்கோணும், ரோலர வழக்கத்த விடச் சீக்கிரமாத் தொடைக்கோணும். இதெல்லாம் பஞ்சு வாங்கற மேனேசரு கேண்டிக்கு நூறு எரநூறு மலிவுன்னு அந்த லாட்ட வாங்கறப்பவே ரோசிச்சிருக்க வேண்டியது. அவருகிட்டப் போயிக் கேளேன்? கேக்க மாட்ட. அவரு கார்ல வர்றாரு. சைடரு கம்பெனி பஸ்ல வர்றா. கேள்வியும் பஸ்லதான் போகும்.

ஓடுற மெஷின நிறுத்தாமத் தொடைக்கச் சொல்றியாமா? எஃபிஷியன்சி போயிருமில்ல, வாஸ்தவந்தான். நம்ம கோயமுத்தூர தென்னாட்டு மான்செஸ்டர்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுக்கறோம். 1888ல ஸ்டேன்ஸ் மில்லு வந்துச்சு, 1932ல பைக்காரா கரண்ட் வந்துச்சு, அப்புறம் ஊரெல்லாம் மில்லு. அந்த நெச மான்செஸ்டர்ல பொடுசுகளத்தான் மெஷினுக்கு அடியில ஊர்ந்து போயி பஞ்சு பொறுக்க உட்டாங்க, மெஷின் முன்னும் பின்னும் ஓடிட்டு இருக்கறப்பவே. விரலும் கையும் போனதுக்கு அப்புறம்தான் 1844ல ஓடுற மெஷின்ல பசங்கள உடாதீங்கன்னு சட்டம் போட்டாங்க. நம்ம நாட்டுலயும் 1948 தொழிற்சாலைச் சட்டத்துல, 22ஆம் பிரிவுன்னு நெனப்பு, ஓடுற பாகத்துல அடிபடற மாதிரி பொம்பளைகளையும் சின்னப் பசங்களையும் தொடைக்க உடக்கூடாதுன்னு எழுதி வச்சாங்க. நீ அதையெல்லாம் இங்கிலீஷ்ல அச்சடிச்சுக் கண்ணாடி போட்டு மாட்டிரு. ஒடிசாவுல இருந்து மில்லு வேலைக்கு வந்த புள்ளைகளுக்கு அது நல்லாப் புரியும்.

அப்புறம் உண்மையிலயே ரோலர் சுத்தமாகோணும்னு என்னைக்காவது உனக்குக் கிறுக்குப் புடிச்சுதுன்னா, ராத்திரி ஷிப்ட்ல அந்தச் சைடர் புள்ளகிட்டப் போயி, தெனமும் எந்தக் கதிர்ல சுத்துது, எந்த நேரத்துல சுத்துதுன்னு கேட்டுப் பாரு. விரல உட்டு எண்ணிச் சொல்லும். இத்தனாவது கதிரு, பொட்டி ரொம்பறப்ப, இன்ன லாட் மாத்துன நாள்ல இருந்துன்னு உஸ்டர் பொட்டிக்கு முன்னாலயே சொல்லும். ஆனா இந்தியில கேக்கோணும், ஒடியாவுல கேட்டா இன்னும் நல்லாச் சொல்லும். நீ என்னமோ "வொய் லேப்பிங்?"னு மட்டுந்தான் கேக்கறயாமா.