நாற்பதுக்கு மேல் பியானோ

நடுவயதில் பியானோ கற்க ஆசைப்படுபவர் முதலில் தேறுவது ஷாப்பிங்கில். 61 கட்டையா, 88 கட்டையா என்ற ஆராய்ச்சியிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். அடுத்து புத்தகங்கள்: ஆல்ஃபிரட், ஃபேபர், செர்னி. இலவசமாகக் கிடைப்பதால், 1873-இல் வெளியான ஹானனின் 60 விரற்பயிற்சிகளும். பிடிஎஃப் சேரச் சேர விரல் பழகும் என்று நம்பிக்கை!

வாசிப்பதென்னவோ பேத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’தான். வலது கையின் ஐந்தாம், நான்காம் விரல்கள் மாறி மாறித் துள்ளும். இடது கை நுழைய வேண்டிய இடத்தில் வண்டி நிற்கும். உடனே ஆதியிலிருந்து மறுபடியும். தடுக்கும் அந்த இரண்டு பாரை மட்டும், மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒவ்வொரு கையாக வாசிக்கலாம். கௌரவம் விடுமா?

பக்கத்து வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: டிஜிட்டல் பியானோவில் ஹெட்ஃபோன் மாட்ட இடம் உண்டு. நினைவுபடுத்தத் தயங்காதீர்கள்.