தை பிறந்தால் தர்மபுரி

சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே, வண்டி நிற்பதற்கு முன்னால் படிக்கட்டில் வந்து நின்றுகொண்டிருப்பவர்தான் தைமாச அண்ணன். முதுகில் பை. கையில் அம்மாவுக்கு வாங்கிய பன். முகத்தில் சில்க் போர்டு சிக்னலில் உட்கார்ந்த களைப்பு. இறங்கியதும் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டால் முதல் வாக்கியம் இதுதான்:

"இந்தத் தையோட சரி தம்பி. ஊருக்கே வந்துடறேன்."

எந்தத் தை என்று அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. பத்துப் பன்னிரண்டு தை இப்படிப் பிறந்து போயிருக்கிறது.

அவரை ஒரே ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். பாலக்கோட்டுக்கு ஒருவர், பென்னாகரத்துக்கு ஒருவர், அரூருக்கு இரண்டு பேர் என்று ஊர் ஊருக்கு உண்டு. சிலர் கட்டட மேஸ்திரி, சிலர் காய்கறிக் கடை, சிலர் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய கம்ப்யூட்டர்காரர். வேலை எதுவானாலும் வசனம் ஒன்றுதான். எனக்குப் பழக்கமானவர் அபார்ட்மென்ட்களுக்கு வயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். பொம்மனஹள்ளியில் ஒரு பெட்ரூம் வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருக்கிறார். பதினொரு மாச ஒப்பந்தம். பதினொரு மாசம் முடிந்ததும் ஓனர் வாடகையை ஏற்றுவார். ஏற்றிய அன்றைக்கு அண்ணனுக்கு ஊர் ஞாபகம் வரும்.

2025-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கர்நாடக அரசு பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. அண்ணன் போன் போட்டு, "முடிவு பண்ணிட்டேன்" என்றார். பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. "இனி இங்க மனுஷன் இருப்பானா?" என்றார். ஏப்ரல் முதல் தேதி நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியபோது, வீட்டைக் காலி பண்ணுவதாக ஓனரிடமே பேசிவிட்டதாகச் சொன்னார். மே மாசம் பார்த்தால் அதே வீட்டுக்குக் கொசுவலை அடித்துக்கொண்டிருக்கிறார்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. இடது பக்கம் பெங்களூர், வலது பக்கம் தர்மபுரி. இடது பக்கத்தில் வாடகை, ஸ்கூல் பீஸ், தண்ணீர் லாரி, பெட்ரோல், பால், ஆட்டோ என்று எண்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. வலது பக்கத்தைத் திருப்பினால் ஒரே பூஜ்யம். வாடகை 0, சொந்த வீடு. கறிவேப்பிலை 0, கொல்லையில் இருக்கிறது. ராகி 0, நம்ம காடு. பால் 0, பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுக்கும். கடைசியில் கூட்டிப் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்து, "பாத்தியா தம்பி, எவ்வளவு மிச்சம்!" என்பார்.

அந்தப் பூஜ்யங்களை எல்லாம் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பது அவருடைய அம்மா என்பதை நான் சொன்னதில்லை. ராகிக்கு உரம் வாங்குவதும் அந்தக் கிழவிதான், பக்கத்து வீட்டுக்காரருக்குப் பால் காசு கொடுப்பதும் அவர்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நோட்டில் வரவே இல்லை. தர்மபுரியில் எல்லாம் மலிவுதான், சம்பளம் உட்பட. பெங்களூரில் நாலு பிளாட்டுக்கு ஒயர் இழுத்தால் கிடைக்கிற காசுக்கு இங்கே ஒரு தெருவுக்கே இழுக்க வேண்டும். இழுத்துவிட்டுக் காசுக்கும் தெருவெல்லாம் நடக்க வேண்டும். எல்லாரும் சொந்தக்காரர்கள்.

அண்ணியின் கணக்கு வேறு. அவர் நோட்டெல்லாம் வைத்துக்கொள்வதில்லை, விரல் போதும்.

"அங்க மாசம் 2,000 கிருகலட்சுமி வருது. இங்க உரிமைத் தொகை எவ்வளவுங்க? ஆயிரம். அதுவும் எழுதிப் போட்டு, வீடு வந்து பாத்து, அப்புறம்தான். கரண்டு அங்க மாசத்துக்கு 200 யூனிட் வரைக்கும் இலவசம், வாடகை வீட்டுக்கும் உண்டு. இங்க ரெண்டு மாசத்துக்குச் சேத்து 100."

"இங்கயும் பஸ் ஓசிதானே அண்ணி? 2021லயே வந்துடுச்சே" என்று நம் ஊருக்காக ஒரு வார்த்தை பேசிப் பார்த்தேன்.

"டவுன் பஸ்ஸுல. அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் வரைக்கும் போலாம். நான் தர்மஸ்தலா வரைக்கும் ஓசியில போய்ட்டு வந்துட்டேன்."

2023 ஜூனில் கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸெல்லாம் இலவசமானதிலிருந்து அண்ணிக்கு அந்த மாநிலத்தின் மேல் ஒரு தனி மரியாதை. ஆனால் பொங்கல் பரிசு என்று வந்தால் அது தர்மபுரியில்தான் வாங்க வேண்டும். எந்த மாநில ரேஷன் அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பது அந்தக் குடும்பத்தின் ரகசியம், நாம் அதற்குள் போக வேண்டாம்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். மூத்தவன் அங்கே எட்டாவது படிக்கிறான். கன்னடம் ஒரு பாடம், சட்டப்படி. இங்கே கொண்டுவந்து சேர்த்தால் பத்தாவதில் தமிழ் எழுத வேண்டும், 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி. பையன் தமிழில் நன்றாகச் சண்டை போடுவான், எழுத மட்டும் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே "சின்னவள் ஸ்கூலில் சேருவதற்குள் வந்துடணும்" என்றார் அண்ணன். அவளும் சேர்ந்துவிட்டாள். இப்போது "மூத்தவன் பத்தாவது முடிக்கட்டும்" என்கிறார். முடித்ததும் பிளஸ் டூ என்று ஒன்று இருக்கிறதே என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

அவர் ஒரே ஒரு தடவை நிஜமாகவே வந்தார். 2020 மார்ச். ஊரடங்குக்கு முந்தின ராத்திரி, ஒரு குட்டியானை வண்டியில் கேஸ் அடுப்பும் பாயும் பிள்ளைகளுமாக ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த முதல் வாரத்தை நான் மறக்கமாட்டேன். காலையில் கிணற்றில் குதித்தார். மத்தியானம் களியும் கீரைக் கடைசலும். சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து, "இதுக்கு மேல என்ன தம்பி வேணும்?" என்று வானத்தைக் கேட்டார். பெங்களூரை நினைத்தால் தனக்குச் சிரிப்பு வருகிறது என்றார்.

இரண்டாம் வாரம் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. சிக்னல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் கிடைத்தது. மூன்றாம் வாரம் மோட்டார் முறை யாருடையது என்று தம்பியோடு பேச்சு வந்தது. இந்தத் தம்பி பதினைந்து வருஷமாகப் போனில் "வாண்ணா, வாண்ணா, நம்ம ஊரு இருக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். அண்ணன் வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியிருக்கிறது. இவர் விருந்தாளியா, பங்காளியா? ஒரு நாள் அண்ணன் சும்மா, "அந்த மேட்டுக் காடு எத்தனை செண்டு இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அப்போது இ-பாஸ் காலம். கல்யாணம், சாவு, வைத்தியம் என்று மூன்று காரணத்துக்குத்தான் பாஸ் கிடைக்கும். அண்ணன் ஜூலை முழுக்க பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று, இந்த மூன்றில் தனக்கு எது பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாடகை கொடுக்காமலேயே மூடிக் கிடந்த பொம்மனஹள்ளி வீட்டுக்குப் போவதற்கு, இல்லாத ஒரு மச்சினனுக்குக் கல்யாணம் வைக்கலாமா என்றுகூட என்னிடம் கேட்டார். ஆகஸ்ட் 17-ஆம் தேதியிலிருந்து விண்ணப்பித்த எல்லாருக்கும் தாமதமில்லாமல் பாஸ் என்று அரசு அறிவித்தது. அதே வாரத்தில் குட்டியானை மறுபடி வந்தது.

பஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் சனிக்கிழமை இறங்கினார். "இந்தத் தையோட சரி தம்பி."

பெங்களூரில் இருப்பதில் அவருக்கு இன்னொரு மிச்சமும் இருக்கிறது. மொய். ஊரிலேயே குடியிருப்பவன் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீர், புதுமனை, பதினாறாம் நாள், மாரியம்மன் பண்டிகை வரி என்று ஒன்றிலிருந்தும் தப்பிக்க முடியாது. ஆவணியிலும் தையிலும் பத்திரிகைகள் வந்து குவியும். மொய் நோட்டில் பெயர் விட்டுப்போனால் மூணு தலைமுறைக்குப் பேச்சு. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், முக்கியமான நாலுக்கு வந்து மொய் எழுதிவிட்டு, மீதிக்கு "சைட்ல கான்கிரீட்டுங்க மாமா" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நோட்டின் இடது பக்கத்தில் இந்த வரவை அவர் எழுதியதில்லை. அண்ணிக்குத் தெரியும்.

இது அண்ணனோடு தொடங்கிய வியாதி இல்லை. அவருடைய தாத்தா கோலார் தங்கவயலுக்குப் போனவர். அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் இருந்தது, தனி மாவட்டம் ஆனது 1965-இல்தான். அந்தத் தாத்தாவும் "வர்ற தைக்கு வந்துடறேன்" என்றுதான் கடுதாசி போட்டுக்கொண்டிருந்தாராம். சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டார்கள். அவருடைய இன்னொரு பேரன் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, தினமும் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறது. எங்கள் மண்ணிலிருந்து போனவர்கள் எல்லாருமே திரும்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அதியமான் ஒருவர்தான் தகடூரை, அதாவது அந்தக் காலத் தர்மபுரியை, விட்டுப் போகவே இல்லை. அந்தக் காலத்தில் பெங்களூரில் வயரிங் வேலை கிடையாது.

கலிபோர்னியாவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் இதே நோய்க்காரன். அங்கே வீட்டு விலை தாங்கவில்லையாம், டெக்சாசுக்குப் போய்விடலாமா என்று ஆறு வருஷமாகக் கணக்குப் போடுகிறான். அவன் நோட்டுக்குப் பதில் எக்செல் வைத்திருக்கிறான். அண்ணனிடம் இதைச் சொன்னேன். "பையன் யோசிக்கிறதுலயே காலத்தை ஓட்டிடுவான் போல" என்று வருத்தப்பட்டார்.

அண்ணனுடைய ஊர்ப்பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் சிரித்தால் முன்பல்லில் காவிக் கறை தெரியும். எனக்கும் உண்டு. புளோரைடு கலந்த போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு மாவட்டம் வைத்த முத்திரை அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது. பெங்களூரில் முன்பின் தெரியாத ஒருவர் சிரித்ததைப் பார்த்தே, "நீங்க தர்மபுரிப் பக்கங்களா?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். 2024 கோடையில் அவர் தெருவில் காவிரி வராமல் தண்ணீர் லாரிக்கு வரிசை நின்றபோது, அதே காவிரி ஊரில் அம்மா வீட்டுக் குழாயில் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்தாராம். ஓனர் சும்மா இல்லாமல், "அப்ப ஊருக்கே போய்டுங்களேன்" என்றிருக்கிறார். அன்றைக்கு மட்டும் அண்ணன் தைமாசத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனை பார்ப்பது அவருக்குச் சாமி கும்பிடுவது மாதிரி. அத்திப்பள்ளிப் பக்கம் நேரலூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தர்மபுரிக்கு நான்குவழிச் சாலை என்று பேச்சு வந்த நாளிலிருந்து, வழியெல்லாம் மஞ்சள் கல் நட்டுக் கொடி கட்டிவிட்டார்கள். அண்ணன் புரோக்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் விலை கேட்பார். போன தைக்குச் சொன்ன விலைக்கு இந்தத் தையில் பாதி மனைதான் வரும்.

"என்னப்பா இப்படி ஏத்திட்டீங்க? நம்ம ஊருல இந்த விலையா?"

"நம்ம கையில என்னண்ணா இருக்கு? ஞாயிற்றுக்கிழமையானா பெங்களூர் பார்ட்டிங்க வந்து வந்து கேக்கறாங்க. அதான் ஏறுது."

"அவனுங்களாலதான் ஊரே கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மனைக்கு வண்டியை விடச் சொன்னார்.

கடைசியில் மனை வாங்கவில்லை. தம்பியிடம் பேசி, பெரியவர்களை உட்காரவைத்து, அப்பா இடத்திலேயே ரோட்டோரமாக ஒரு பங்கு பிரித்து வாங்கி, போன வருஷம் வீடும் கட்டிவிட்டார். வயரிங் அவர் கையாலேயே, பெங்களூர்த் தரத்தில். புதுமனைக்கு நாங்கள் எல்லாரும் மொய் எழுதினோம். வாசலில் பெயர்ப் பலகை, மாடியில் பையனுக்கு ஒரு தனி அறை, கொல்லையில் கறிவேப்பிலைக் கன்று. நோட்டில் எழுதியிருந்த பூஜ்யம் ஒவ்வொன்றும் நிஜமாகி நின்றது. அம்மா அன்றைக்கு அழுதுவிட்டார்.

அந்த வீட்டில் இப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் இருக்கிறது. வாடகை 7,000. மாசம் 5-ஆம் தேதி அது பொம்மனஹள்ளி ஓனருக்குப் போகிற வாடகையோடு சேர்ந்துகொள்கிறது. பதினொரு மாச ஒப்பந்தம். வருகிற தையிலிருந்து 500 ரூபாய் ஏற்றப்போவதாக வாத்தியாரிடம் அண்ணன் சொல்லிவிட்டார்.