முன்சீட்டு அம்மான்

முன்சீட்டு அம்மான் என்பவர் காரின் முன்பக்க இடது சீட்டில் உட்கார்ந்து வாயால் வண்டி ஓட்டுபவர். தமிழ்நாடு முழுக்கக் காணப்படுகிறார் என்றாலும், கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் நன்றாக விளைந்த பதத்தில் கிடைக்கிறார். இங்கே வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். வீட்டுக்காரர்களோ சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு, பிள்ளையார் நோன்பு என்று ஏதாவது ஒன்றுக்கு ஊர் வந்தாக வேண்டும். சென்னையிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரத்தில் அபிப்பிராயம் வளராமல் என்ன செய்யும்?

வயது அறுபதுக்கு மேல். எல்லோருக்கும் அவர் அம்மான் முறையாக இருக்க வேண்டியதில்லை. சிலருக்கு அயித்தான், சிலருக்குப் பெரியப்பச்சி, ஆக்டிங் டிரைவருக்கு ‘ஐயா’. முறை மாறும், சீட்டு மாறாது.

இந்த இனத்தை உருவாக்கியது அம்பாசடர் கார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மூலமாகக் கொண்டு, 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டி அது. முன்னால் ஒரே நீளச் சீட்டு. கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் காலடியில் இடம் தாராளம். டிரைவருக்கும் அப்பச்சிக்கும் நடுவில் ஒரு பையனைத் திணிக்கலாம். அப்படித் திணிக்கப்பட்ட பையன்கள்தான் இன்றைய அம்மான்கள். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் முழங்கையால் இடி வாங்கி வளர்ந்ததால், கியர் விஷயத்தில் தங்களுக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நினைக்கிறார்கள். பின்னாளில் கியர் தரைக்கு இறங்கி, நடுச்சீட்டு போய்விட்டது. 2014 மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனது. அம்மான் இன்னும் துக்கம் காக்கிறார். எந்தப் புது வண்டியில் ஏறினாலும் முதல் காரியமாகக் கதவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, “தகரம்” என்கிறார். அம்பாசடர் புளியமரத்தில் மோதினால் மரத்துக்குத்தான் சேதம் என்பது அவர் கட்சி. மோதின மரம் எது என்று கேட்டால், ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்பதை வீட்டில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே அவர் சொல்லும் பதில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டில் இருக்கிறது. அங்கேதான் அவர் கார் பழகினாராம். நம்பத் தகுந்த செய்திதான். வளைவோ, எதிரே வண்டியோ, குறுக்கே ஆடோ இல்லாத இடத்தில் பழகியவருக்கு மட்டுமே வரக்கூடிய தைரியம் அவர் யோசனைகளில் தெரிகிறது. “ஏத்திப் போடா தம்பி, அவன் ஒதுங்குவான்.”

பயணம் வழிச் சண்டையில் தொடங்கும். திருச்சி போய், கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை, திருமயம் என்று வருவது ஒன்று. திருச்சி தாண்டி விராலிமலை வரை நாலுவழிச்சாலையிலேயே வந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகத் திரும்புவது இன்னொன்று. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர், கந்தர்வகோட்டை என்று வருவது மூன்றாவது. எந்த வழியில் போனாலும் மற்ற இரண்டில் ஒன்றில் போயிருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருக்கலாம். கும்பகோணம் வழி மிச்சப்படுத்தும் நேரத்தைக் கும்பகோணம் டிகிரி காபி எடுத்துக்கொண்டுவிடும் என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

செல்போனில் வழி சொல்லும் பெண் குரலோடு அவருக்குத் தீராப் பகை. “அந்தப் பொம்பளைக்கு ரோடு தெரியும், ஊரு தெரியுமா?” என்பார். இருவரும் வேறு வேறு வழி சொன்னால் ஆபத்தில்லை. டிரைவர் பலகையைப் பார்த்துப் போய்விடுவார். இருவரும் ஒரே வழியைச் சொல்லும்போதுதான் சிக்கல். அம்மான் உடனே தன் வழியை மாற்றிக்கொள்கிறார்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகும் அவர் சட்டைப் பையில் சில்லறை இருக்கிறது. சுங்கச்சாவடிக்கு அரை கிலோமீட்டர் முன்பே எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். ஏசி டீசலைக் குடிக்கும். டியூப்லெஸ் டயர் நமக்குச் சரிப்படாது. ஊருணித் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் துருப்பிடிக்காது. இவற்றுக்கு ஆதாரம் கேட்டு யாரும் வென்றதில்லை.

அவரால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் இடையே சாலை நேர்கோடாகக் கிடக்கிறது. இராத்திரி இரண்டு மணிக்கு மேல் அங்கே எந்த டிரைவருக்கும் கண் சொக்கும். பின்சீட்டில் குடும்பம் மொத்தமும் வாய் பிளந்து தூங்கும்போது, “என்ன தம்பி, லைட்டை டிம் பண்ண மாட்டேங்குறான்?” என்று பேச்சைத் தொடங்கி, பர்மாவில் தன் ஐயா (தாத்தா) வைத்திருந்த கார் வரை கொண்டுபோய்த் திருச்சியில் விடுபவர் அவர்தான். எரிச்சலில் இருப்பவனுக்குத் தூக்கம் வராது. ஆக்டிங் டிரைவர்களுக்கு இது தெரியும். பேட்டா பேசும்போதே, “முன்னாடி யாருண்ணே உக்காருறா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

திருமயத்தில் கோட்டைச் சுவரை ஒட்டி, ரோட்டோரமாகவே கோட்டை பைரவர் இருக்கிறார். அந்த வழியாகப் போகும் வண்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போவது வழக்கம். இதுவரை வண்டி பத்திரமாக வந்ததற்கு அம்மான் தேங்காய் உடைப்பது இங்கேதான். டிரைவரும் தனியாக ஒன்று உடைக்கிறார்.

ஊருக்குள் நுழைந்ததும் அம்மான் இறங்கிவிடுவார். வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வேண்டும். கானாடுகாத்தான் தெருக்கள் அகலமானவை, நேரானவை. லாரியையே திருப்பலாம். அதனால் என்ன? வேட்டியை மடித்துக் கட்டி, டிரைவர் கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நின்றுகொள்வார். “வரலாம், வரலாம்... இங்கிட்டு ஒடி. அங்கிட்டு இல்லடா, இங்கிட்டு! நேர் பண்ணு. வரலாம், வரலாம்...” திண்ணையோரத்தில் ‘டக்’ என்று சத்தம் கேட்ட பிறகு, “போதும்.” பின்னால் கேமரா இருக்கிறதே என்று டிரைவர் முனகினால், “கேமராவுக்குப் பங்காளி யாருன்னு தெரியுமா? அது அவுக முகப்பு” என்பார். வீட்டில் பங்கு பிரித்த பிறகு, யார் வாசலில் யார் டயர் நிற்கிறது என்பது சாதாரண விஷயமில்லைதான்.

மறுநாள் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோவில்களுக்கும் போக வேண்டுமென்றால் வரிசை அவர் பொறுப்பு. உச்சி வேளைக்கு நடை சாத்துவதற்குள் எத்தனை கோவில் முடிக்கலாம் என்பது கணக்கு. பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் பக்கம் பக்கம். இளையாத்தங்குடியும் இரணியூரும் ஒரு பக்கம். மாத்தூரும் இலுப்பைக்குடியும் காரைக்குடியை ஒட்டி. இது எதையும் பார்க்காமல், இடையில் பலகாரக் கடை எங்கே வருகிறது என்பதை வைத்து அவர் வரிசை போடுகிறார். அது பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடுகிறது.

ஒரு வண்டியில் இரண்டு அம்மான்கள் அமைவது நல்லதல்ல. பின்சீட்டுக்குத் தள்ளப்பட்டவர், முன்சீட்டுக்காரர் சொல்வதைத் திருத்திக்கொண்டே வருவார். டிரைவர் யார் பேச்சையும் கேட்க முடியாமல் நிம்மதியாக ஓட்டுவார். பெரம்பலூருக்கு முன்பே அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் கல்யாண வீடுகளில் கார் ஏற்பாட்டைப் பார்ப்பவர்கள் வண்டிக்கு ஒருவராக முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள். ஒரு வண்டிக்கு ஆள் குறைந்தால் சம்பந்தி வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.