துப்புச் சொல்ல ஆள் வேண்டுமா, துவான்?

பெறுநர்: இயக்குநர், சிறப்புப் பிரிவு (எஸ்.பி.), அரச மலேசியப் போலீஸ், புக்கிட் அமான், கோலாலம்பூர்.

அனுப்புநர்: மனு எழுதிக் கொடுப்பவன், தேயிலைத் தோட்டம், கேமரன் மலை, பகாங்.

பொருள்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உளவு வேலை கேட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய துவான் அவர்களுக்கு,

தோட்டத்தில் எல்லாருக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவன் நான். இ.பி.எஃப்., சொக்சோ, பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, பள்ளிக்கூடத்துக் கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். உலகத்தில் எந்த வேலைக்கும் ஒரு பாரம் இருக்கும் என்பது என் தொழில் நம்பிக்கை. அதை அசைத்துப் பார்த்த முதல் துறை உங்களுடையது. எஸ்.பி.எம். முடித்து, வெளியூரில் டிப்ளோமாவும் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, "தாத்தா, எஸ்.பி.யில சேரணும், பாரம் எடுத்துக் குடுங்க" என்றாள். தேடினேன். கான்ஸ்டபிளுக்குப் பாரம் இருக்கிறது. இன்ஸ்பெக்டருக்கும் இருக்கிறது. உளவுக்கு இல்லை. முதலில் போலீசில் சேர வேண்டுமாம், பிறகு நீங்களாகப் பார்த்துக் கூப்பிடுவீர்களாம். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை பெண் வீட்டார் வாய் திறக்கக் கூடாது என்பது போன்ற ஏற்பாடு.

பிரிட்டிஷ்காரனும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தான். கேம்பிரிட்ஜ் பக்கம் போய் நல்ல குடும்பத்துப் பையனாகப் பார்த்துத் தோளைத் தட்டுவான். அப்படி உள்ளே வந்து சோவியத்துக்கு உளவு பார்த்த கிம் பில்பி, 1963-ல் மாஸ்கோவில் போய் இறங்கினார். 1997-ல் பிரிட்டிஷ் உளவுத்துறை எம்.ஐ.5 வெட்கத்தை விட்டுச் செய்தித்தாளில் ஆள் தேவை என்று விளம்பரமே கொடுத்துவிட்டது. துவானுக்கு யோசனை சொல்ல நான் யார்? தகவலுக்காக எழுதினேன்.

பாரம் இல்லாததால், இருந்தால் என்னென்ன கேட்கும் என்று நானே ஊகித்து, நானே நிரப்பி அனுப்புகிறேன்.

முதலில் உடல் தகுதி. போலீசில் சேரப் பெண்ணுக்கு 157 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பிள்ளை அதற்கு மேலேயே நிற்கிறாள். நிறக்குருடு கூடாது. அவள் பாட்டி மூடுபனியில் நின்று முற்றின பச்சையையும் கொழுந்துப் பச்சையையும் பிரித்துப் பார்த்தவள். இப்போது கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன, கூடை சுமப்பவர்களில் பலர் வங்கதேசத்துப் பிள்ளைகள். ஆனாலும் அந்தக் கண் பேத்திக்கு வந்திருக்கிறது.

முன் அனுபவம். எங்கள் ஆட்களுக்கு இந்தத் தொழிலில் அனுபவம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் ஸ்வராஜ் பயிற்சிக்கூடம் என்று ஒன்று நடந்தது. மலாயாவில் இருந்த இந்திய இளைஞர்களுக்கு அங்கே உளவு சொல்லிக் கொடுத்தார்கள். தேறியவர்களில் சிலரை 1942-ல் நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுபோய் இந்தியக் கரையில் இறக்கினார்கள். இறங்கிய வேகத்தில் பிடிபட்டார்கள். வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வரை 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். கரையில் இறங்கியதற்கும் வேலை முடிந்ததற்கும் நடுவில் ஒரு வருடம்கூட இல்லை. துவான் துறையில் வேலை அதைவிட நீடிக்கும் என்பதால்தான் பிள்ளையைத் துணிந்து அனுப்புகிறோம்.

1948-ல் அவசரகாலம் வந்தது. உங்கள் பிரிவு பிறந்ததும் அந்த வருடம்தான். அடுத்த ஆண்டு மே 4 அன்று, தொழிலாளர் சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் புடு சிறையில் தூக்கிலேற்றினார்கள். அதே காலத்துக் கதைதான் லாய் தெக்கினுடையதும். மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைச் செயலாளராக வருடக்கணக்கில் உட்கார்ந்துகொண்டே பிரிட்டிஷ்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் சேதி சொன்னவர். 1947-ல் குட்டு உடைந்து, கட்சிப் பணத்தோடு கம்பி நீட்டினார். ஆக, கட்சிக்கே தலைவர் உங்கள் முன்னோர்களின் ஆளாக இருந்தார், கூலி உயர்த்திக் கேட்டவர் கயிற்றில் தொங்கினார். உளவுத் தொழிலில் பதவி உயர்வு எப்படி வரும் என்று பிள்ளை கேட்டபோது இந்த இரண்டு பேரையும்தான் உதாரணம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பாரம் இல்லை என்று குறைப்பட்டேன் அல்லவா? ஒரு முறை நல்ல பாரம் ஒன்று வந்தது. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போனவர்களைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்தார், ஊரைக் கூட்டித் திட்டினார். ஒரு நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீட்டில் வெட்டு. அதன்பின் வீட்டுக்கு வீடு ஒரு தாள். தெரிந்ததை எழுது, உன் பெயரைப் போடாதே, பெட்டியில் போடு. மூடி முத்திரையிட்ட பெட்டியைக் கோலாலம்பூரில் அவரே திறந்தார். கல்வித் தகுதி கேட்காத, உயரம் கேட்காத, சிபாரிசு கேட்காத விண்ணப்பம். அரிசியை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டது.

களப்பயிற்சி என்ற இடத்தில் என்ன எழுதுவது? லயத்தில் வளர்ந்தவளுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு? ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அடுத்த வீட்டு இருமலை வைத்தே யாருக்கு இருமல், எத்தனை நாளாக, மருந்துக்குப் போனாரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஒட்டுக்கேட்கும் கருவி வாங்கும் செலவு உங்களுக்கு மிச்சம். காலைப் பிரட்டில் யார் வரவில்லை, தண்டல் யாரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார், கிராணி வீட்டில் விளக்கு எப்போது அணைந்தது, மானேஜர் கார் மேலே போய் எவ்வளவு நேரம் கழித்துக் கீழே வந்தது, இதெல்லாம் இங்கே யாரும் குறிப்பெடுத்து வைப்பதில்லை. தேவையில்லை.

ஆள் அடையாளம் காண்பதில் எங்களுக்கு இருக்கும் தேர்ச்சிக்கு ஒரு சான்று. தேர்தல் நெருங்கினாலோ, கோயில் திருவிழாவில் யாராவது மைக் பிடித்தாலோ, சாதாரண உடையில் ஒருவர் வந்து கடையில் தே ஓ சொல்லி உட்காருவார். எந்தத் துறை என்று நாங்கள் கேட்டதில்லை, விருந்தாளியிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. ஆனால் துவான், இந்த மலையில் சேறு ஒட்டாத கறுப்பு ஷூ யாரிடமும் கிடையாது. "இங்க எல்லாம் ஓகேவா?" என்பார். "ஓகே துவான்" என்போம். தே ஓவுக்குக் காசு வைத்துவிட்டுப் போவார். எங்கள் பிள்ளையை எடுத்தால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவாள்.

இந்த மலைக்கு உளவு உலகத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகத்துக்கே விற்ற ஜிம் தாம்சன், தானா ராத்தா பக்கம் மூன்லைட் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். உலகப் போரில் அமெரிக்காவின் ஓ.எஸ்.எஸ். உளவு அமைப்பில் பயிற்சி எடுத்த மனிதர். மதியம் மற்றவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில், சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே நடந்தார். அவ்வளவுதான். போலீஸ் தேடியது, ராணுவம் தேடியது, பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகள் தடம் பார்த்தார்கள், போமோ மந்திரவாதிகள் கண் மூடிப் பார்த்தார்கள், பீட்டர் ஹுர்க்கோஸ் என்ற பிரபல ஞானதிருஷ்டிக்காரரையும் வரவழைத்தார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று 1974-ல் நீதிமன்றம் எழுதிக் கொடுத்தது. எங்கள் பிள்ளை இதே மலையில்தான் தினமும் நடந்து பள்ளிக்கூடம் போனாள். தினமும் திரும்பி வந்தாள். இந்த ஒரு தகுதியில் அவள் ஓ.எஸ்.எஸ். பயிற்சியையே தாண்டிவிட்டாள் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

காணாமல் போவது பற்றிப் பேச்சு வந்ததால் பிள்ளையின் அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். பாதிரியார் ரேமண்ட் கோ, சமூக ஆர்வலர் அம்ரி சே மாட் இருவரும் காணாமல் போனதற்குப் பின்னால் உங்கள் பிரிவுதான் இருக்கிறது என்ற முடிவுக்கு 2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் வந்தது. தாயல்லவா, பயப்படுகிறாள். "அவள் உள்ளே இருந்து வேலை பார்க்கப் போகிறவள், வெளியே இருந்து காணாமல் போகப் போகிறவள் இல்லை" என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

பலவீனங்கள் என்று ஒரு கட்டம் இருந்தால் அங்கேயும் உண்மையைத்தான் எழுத வேண்டும். பிள்ளையின் கைபேசியில் படங்கள் இருக்கின்றன. 2019 அக்டோபரில் சொஸ்மா சட்டத்தின் கீழ் 12 பேரைப் பிடித்தீர்கள். அப்போது காடெக் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜி. சாமிநாதன், சிரம்பான் ஜெயா உறுப்பினர் பி. குணசேகரன் இருவரும் அதில் உண்டு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்துபோன விடுதலைப் புலிகளுக்கு, பத்து வருடம் கழித்து மலாக்காவிலும் சிரம்பானிலும் உயிர் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று. சாட்சியமாக வந்தவற்றில் கைபேசியிலும் முகநூலிலும் இருந்த புலித் தலைவர்களின் படங்களும் உண்டு. 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் எல்லாக் குற்றச்சாட்டையும் மீட்டுக்கொண்டார். இப்படிப் படம் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்று அவரே விளக்கமும் சொன்னார். அதைச் சொல்ல ஒரு சட்டத்துறைத் தலைவர் தேவைப்பட்டார், நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. பிள்ளை கைபேசியை நானே சோதித்தேன். மாரியம்மன் ஊர்வலம், பூனை, நடிகர் விஜய். விஜய் பிறகு கட்சி தொடங்கிவிட்டார் என்பதையும் மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி, சேர்ந்தால் என்ன சேதி கொண்டுவருவாள் என்பது. இங்கேதான் துவானுக்கும் எங்களுக்கும் ருசி ஒத்துவருமா என்று சந்தேகமாக இருக்கிறது.

2013 அக்டோபர் 23 அதிகாலை. கடும் மழையில் சுல்தான் அபு பக்கார் அணை நிரம்பி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வண்டிகளும் அடித்துக்கொண்டு போயின, உயிர்களும் போயின. மழை மட்டும் செய்த வேலையா அது? மேலே வருடக்கணக்காகக் காட்டை மொட்டையடித்துப் பிளாஸ்டிக் கூரைக்குள் காய்கறி போட்டதில், மண் இறங்கி இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கம் மேடாகிவிட்டது. ஆற்றங்கரையை ஒட்டிக் குடிசையும் தோட்டமும் வந்து ஆறு ஒடுங்கிவிட்டது. மலையைச் சுரண்டும் இயந்திரத்துக்குச் சத்தம் இல்லாமல் வேலை செய்யத் தெரியாது. எந்தப் பக்கம் சரிகிறது, எந்த லாரி எந்த நேரத்தில் ஏறுகிறது, ஆற்றுத் தண்ணீர் எப்போதிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் ஓடுகிறது என்று லயத்துக் குழந்தைகூடச் சொல்லும். கடையில் வந்து உட்கார்ந்தவர் கேட்டதோ, கோயில் கூட்டத்தில் மைக் பிடித்தவர் யார் என்று. கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்ல முடியும்?

தேர்தலும் அப்படித்தான். வாக்காளர்களுக்குப் பணம் போனது என்று தீர்ப்பாகி, எங்கள் தொகுதியின் 2018 முடிவு அதே வருடம் நவம்பரில் செல்லாமல் போனது. பணம் நடந்து வந்த பாதையை நீதிமன்றம் கண்டுபிடிக்க ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் ஜெயித்தார். செமாய் இனத்தவர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, ஓராங் அஸ்லிகளிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மனிதர். போலீஸ் உத்தியோகம் ஓர் ஆளை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு எங்களுக்கு வேறு விளம்பரம் வேண்டாம். சீனரும் இந்தியரும் போலீசுக்கு வருவதில்லை என்று நீங்கள் அடிக்கடி வருத்தப்படுகிறீர்கள். இதோ ஒருத்தி வருகிறேன் என்கிறாள்.

கடைசியாகக் குடும்பப் பின்னணி. பாதுகாப்புச் சோதனைக்கு உங்கள் ஆள் வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். அக்கம்பக்கம் என்பது நான்தான், அதனால் பிள்ளை தேறிவிடுவாள். சிக்கல் அம்மாவிடம். பிள்ளைக்குக் குடிமக்களுக்கான நீல மைகார்ட், அம்மாவுக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டை. அம்மா லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவள், பிறப்பைத் தாமதமாகப் பதிந்தார்கள். அவளுக்கு நீலம் வேண்டுமென்றால், அவளைப் பெற்ற கிழவி அந்தக் காலத்திலேயே இந்த மண்ணில் நிரந்தரமாக இருந்தாள் என்பதற்குத் தாள் காட்ட வேண்டுமாம். கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தாள் அவளுக்கு முன்பே போய்விட்டது.

ஆனால் 1948-ல் அரசாங்கம் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் நிற்க வைத்து, படம் பிடித்து, பெருவிரலை மையில் உருட்டி அட்டை கொடுத்ததல்லவா? காட்டுக்குள் இருப்பவன் யார், வெளியே இருப்பவன் யார் என்று பிரிக்கத்தானே இந்த நாட்டில் அடையாள அட்டையே வந்தது? கிழவியும் அன்று விரல் வைத்தவள். பிறகு லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்த காலத்தில், தலைக்கணக்கு எடுத்திருப்பீர்கள். அதெல்லாம் எங்கள் தகரப் பெட்டியில் இல்லை. உங்கள் அலமாரியில் இருக்கும், உங்கள் துறை எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று கேள்வி.

எனவே பிள்ளைக்கு வேலை தர இயலாவிட்டாலும், கிழவியின் பெயரில் ஏதாவது ஒரு தாள் இருந்தால் சான்றளித்த நகல் ஒன்று அனுப்பி உதவவும். பதிவேட்டுப் பக்கம் கிடைக்காவிட்டால், காட்டுக்குச் சோறு கொண்டுபோனாள் என்று எவனாவது பெட்டியில் எழுதிப் போட்ட தாள் என்றாலும் பரவாயில்லை. தேதியும் தோட்டத்தின் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். நற்சாட்சி வேண்டாம் துவான், சந்தேகமே போதும். நகலுக்கு எவ்வளவு கட்டணம் என்று தெரிவித்தால் அஞ்சல் ஆணையில் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
தோட்டத்து மனு எழுதுபவன்.