தம்பியின் தழும்பு

1974. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு மாதம். விளையாடிக்கொண்டே இருந்த பிள்ளை திடீரென்று வீறிட்டு அழுதான். இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டான். சற்று நேரத்தில் அழுகை நின்று துவண்டு கிடந்தான். கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே அலறல்.

"தொக்கம் விழுந்திருக்கு, தின்னது உள்ளே சிக்கிக்கிடக்கு" என்றார் அப்பத்தா. தொக்கம் எடுப்பவரிடம் ஒரு நாள் போயிற்று. "உரம் விழுந்திருக்கும், சுளுக்குதான்" என்று சேலையில் போட்டு உருட்டியதில் இன்னொரு நாள். அப்பத்தாவுக்குப் பேரன் மேல் உயிர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மூன்றாம் நாள் காலை, செம்பருத்திப் பூவைக் கசக்கினாற்போல் இரத்தமும் சளியுமாகத் துணியில் வெளிக்குப் போயிருந்தான். அதைப் பார்த்த பிறகே அம்மா பஸ் ஏறினார்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார்: "குடலுக்குள்ள குடல் ஏறியிருக்கு." சட்டைக் கையை உள்ளே மடித்துச் செருகுவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வதுதான் குடல் செருகல். சிக்கிய பகுதிக்கு இரத்த ஓட்டம் குறையும். நேரம் போகப் போகக் கறுத்து அழுகும். தம்பிக்குக் கறுத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். பதினெட்டு நாள் வார்டில் கிடந்து பிழைத்தான். வயிற்றுத் தழும்பு அவனோடு சேர்ந்து வளர்ந்தது.

போன வருடம் என் ஒன்பது மாதப் பேத்தியிடம் அதே அழுகையைக் கேட்டேன். "கிளம்பு" என்று மகளிடம் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை. ஸ்கேன் திரையில், வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற்போல் வளையம் வளையமாகத் தெரிந்தது. ஆசனவாயில் குழாய் வைத்து உப்பு நீரை மெல்ல ஏற்றினார்கள். திரையில் அந்த வளையம் பின்வாங்கிக்கொண்டே போய் மறைந்தது. கத்தி படவில்லை. திரும்பவும் செருகிக்கொள்ளலாம் என்று ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வயிற்றைத் திறந்து குடல் செருகலைச் சரிசெய்வது 1871லேயே லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சனுக்குக் கைகூடியது. தண்ணீர் ஏற்றும் முறையை 1876ல் கோபன்ஹேகனின் ஹிர்ஷ்ஸ்ப்ரங் எழுதிவைத்தார். பிறகு வந்த பெரிய வரம், திறக்காமலே உள்ளே பார்க்கும் ஸ்கேன். குழாய் பலிக்காவிட்டால், சிறு துளைகள் வழியாகவே சரிசெய்யும் லேப்ராஸ்கோப்பியும் உண்டு.

ஆனால் குடல் அழுகி ஓட்டை விழுந்துவிட்டால் குழாய் வைக்க முடியாது. தம்பிக்கு நடந்ததுதான் நடக்கும். கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுக்கத் தேர்ந்தவர்களும் குழந்தை அறுவை நிபுணர்களும் இன்றும் பெரும்பாலும் நகரங்களில்தான். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்திலோ 'தொக்கம் எடுக்கப்படும்' போர்டு இன்னும் தொங்குகிறது.

தாய்மார்களே, கைக்குழந்தை விட்டு விட்டு அலறிக் காலை மடக்கினால், பச்சையாக வாந்தி எடுத்தால், சிவப்பைப் பார்க்கும்வரை காத்திருக்காதீர்கள். அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.