விழும் ஊரா, விழுமிய ஊரா?

கேள்வி: ரயிலில் பக்கத்து சீட் வடநாட்டுக்காரர் "வில்லுபுரம் எப்போ வரும்?" என்று உயிரை வாங்குகிறார். ஊர்ப் பெயரை எங்கே பிரித்து, எப்படிச் சொல்வது? (வாசகர், திண்டிவனம்)

பதில்: அவரை விடுங்கள், பாவம். ரயில்வேக்காரர்கள் ஆங்கிலப் பலகையில் 'எல்'லை இரட்டித்து 'பி'யை ஒற்றையாக்கிவிட்டார்கள். மாவட்ட நிர்வாகம் நேர்மாறாக எழுதுகிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்ற வந்த அரசாணையும் சில நாளிலேயே வாபஸ்.

ழகரம் போனாலும் மன்னிக்கலாம், 'ப்' போகக் கூடாது. விழுப்பொருள், விழுப்புண் போல 'விழு' என்றால் சிறந்தது, ஒற்று மிகும். ஒற்றை விழுங்கி 'விழுபுரம்' என்றால் அது வினைத்தொகை. நேற்று விழுந்த, இன்று விழுகிற, நாளை விழப்போகிற ஊர்! உச்சரிப்பும் மாறும்: 'அப்பம்' பகரம் 'கோபம்' பகரமாகிவிடும்.

நார்வேக்காரர்களுக்கும் இதே வம்புதான். 'லம்மெலோர்' என்று சேர்த்து எழுதி, முதல் அசையில் அழுத்திச் சொன்னால் ஆட்டுக்குட்டித் தொடைக்கறி. நடுவில் இடம் விட்டு, இரண்டு சொல்லாக அழுத்தினால் முடங்கிப்போன தொடைகள். ஓட்டலில் ஜாக்கிரதை.

உங்கள் ஊரோ இன்னும் வேடிக்கை. பொருள் பார்த்துப் பிரித்தால் திண்டி-வனம். 'திந்திரிணி' என்ற புளியமரக் காடு என்பார்கள். யாப்புக்காரர் அசை பிரித்தால் திண்-டிவ-னம்: நேர், நிரை, நேர். வனத்தின் நடுவிலேயே வெட்டு! வாய்பாடு கூவிளங்காய். கூவிளம் என்றால் வில்வம். ஆக, இலக்கணப்படி உங்கள் புளியந்தோப்பில் காய்ப்பது வில்வக்காய்.